வாழை வேருக்குள் வாழும் பாக்டீரியாவைப் பிரித்து வாடல் நோய்க்கு எதிராகச் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பனாமா வாடல் நோய் விழுந்த ரஸ்தாளித் தோட்டத்தில் சில மரங்கள் மட்டும் பச்சையாகவே நிற்கும். அவற்றின் வேருக்குள் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சைக்கு எதிராகச் சோதிப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வேலை. முதுநிலை மாணவர்கள் இதைச் செய்யும்போது பல முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது விலையுயர்ந்த கருவிகளிடம் அல்ல, வேரைக் கழுவும் இடத்தில்தான். வேரின் வெளியே ஒட்டியிருந்த மண் பாக்டீரியாவை உள்ளே வாழ்ந்தது என்று நம்பி ஆறு மாதம் உழைத்தவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே இந்த வழிகாட்டியில் கழுவும் படிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தோட்டத்துக்குப் போகும் முன்பே தயார் செய்ய வேண்டியவை

வேரைக் கொண்டுவந்த பிறகு அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) காய்ச்ச உட்காராதீர்கள். அதற்குள் வேர் வாடத் தொடங்கும், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் விகிதமும் மாறிவிடும். முந்தின நாளே தட்டுகளை ஊற்றி, ஓரிரவு வெளியே வைத்து உலரவிடுங்கள். ஈரத் தட்டில் காலனிகள் (பாக்டீரியா பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள்) ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும்.

வளர்ப்பு ஊடகத்தில் குறைந்தது இரண்டு வகை வேண்டும். சூடோமோனாஸ் போன்றவற்றுக்குக் கிங்ஸ் பி அகார், மற்றவற்றுக்குச் சத்துக் குறைந்த ஊடகம் ஒன்று. நியூட்ரியன்ட் அகாரைப் பாதி அடர்த்தியில் காய்ச்சினாலும் போதும். வேருக்குள் பசியோடு வாழ்ந்த பல பாக்டீரியாக்கள் விருந்துச் சாப்பாட்டில் வளர்வதில்லை. வளர்பவை வேகமாகப் பரவி மற்றவற்றை மூடிவிடும். பூஞ்சை வராமல் தடுக்க ஒரு லிட்டர் ஊடகத்துக்கு 100 மில்லிகிராம் சைக்ளோஹெக்ஸிமைடு சேர்க்கலாம். அது மனிதருக்கும் நஞ்சு என்பதால் கையுறை அவசியம்.

மற்றவை: 70 சதவீத எத்தனால், சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் கரைசல்), ட்வீன் 20 (சோப்பு போல நனைக்கும் திரவம்), சோடியம் தயோசல்பேட், 0.85 சதவீத உப்பு நீர், நிறையக் கிருமி நீக்கிய நீர். நீரை மட்டும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள். நடுவில் தீர்ந்துபோவது எப்போதும் அதுதான்.

2. எந்தத் தோட்டம், எந்த மரம்

முதலில் அது ஃபுசேரியம் வாடல்தானா என்று உறுதி செய்யுங்கள். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். கிழங்கை அறுத்தால் நீர்க்குழாய்கள் செம்பழுப்பாகத் தெரியும். அறுத்த துண்டைக் கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். பால் போல ஏதாவது வடிந்தால் அது பாக்டீரியா வாடல், உங்கள் ஆய்வுக்கான தோட்டம் அது அல்ல.

பிறகு, நோய் கண்ட மரங்களுக்கு நடுவே நலமாக நிற்கும் மரத்தைத் தேடுங்கள். தோட்டத்தின் ஓரத்தில் தனியாக நிற்பது வேண்டாம். அங்கே பூஞ்சையே எட்டாமல் இருந்திருக்கலாம், அப்போது மரத்தின் நலத்துக்கு வேருக்குள் காரணம் தேடுவது வீண். நடுவில் நிற்கும் மரத்திலும் ஒரு பக்கக் கன்றைத் தோண்டிக் கிழங்கை அறுத்துப் பாருங்கள். வெளியே பச்சையாக இருந்தும் உள்ளே பழுப்பேறியிருப்பது சாதாரணம். வெள்ளையாக இருந்தால் மட்டும் அந்த மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஐந்து மரங்கள் கிடைத்தால் நல்லது.

தோட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்காமல் திரும்பாதீர்கள்: கடந்த ஓராண்டில் சூடோமோனாஸ் பொடியோ பேசில்லஸ் கரைசலோ வேரில் ஊற்றினீர்களா? ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் கொடுத்தீர்களா? கேட்காவிட்டால், கடையில் வாங்கிய பாக்கெட்டில் இருந்த பாக்டீரியாவையே நீங்கள் 'கண்டுபிடித்து' வரக்கூடும். ஒரு மாணவி மிக அழகான பேசில்லஸ் ஒன்றைப் பிரித்தார். விசாரித்தபோது அந்தத் தோட்டத்துக்கு அதே இனம் நான்கு தடவை ஊற்றப்பட்டிருந்தது.

எச்சரிக்கை ஒன்று. கேவண்டிஷ் என்ற வாழை வகைகளையும் தாக்கும் வெப்பமண்டல இனம் 4 என்ற ஃபுசேரியம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பதிவாகியிருக்கிறது. அப்பகுதிகளிலிருந்து வேரையோ மண்ணையோ கன்றையோ ஆய்வுக்கென்றும் கொண்டுவராதீர்கள். இந்தப் பூஞ்சையின் தடித்த சுவர் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் மண்வெட்டியையும் செருப்பையும் கழுவி, கிருமிநாசினியில் நனைத்த பிறகே உள்ளே நுழையுங்கள்.

3. வேரை எடுத்து வருவது

பென்சில் தடிமனுள்ள, வெள்ளையாக உறுதியாக இருக்கும் வேர்கள் வேண்டும். கறுத்த வேரில் அழுகலில் வாழும் பாக்டீரியாக்களே நிறைந்திருக்கும். நூற்புழு முடிச்சுள்ளவற்றையும் விடுங்கள், காயத்தின் வழியே மண் பாக்டீரியா புகுந்திருக்கும்.

15 சென்டிமீட்டர் நீளமாவது வெட்டுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது. மண்ணை உதறி, ஈரத் தாளில் சுற்றி, பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். பனிக்கட்டியின் மேல் நேராகப் படக் கூடாது. உறைந்த செல் உடைந்தால் கணக்கே மாறும். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

4. வேரின் வெளிப்புறத்தைத் தூய்மையாக்குவது

இங்கே இரண்டு எதிரெதிர்த் தேவைகள் உண்டு. வெளியே ஒட்டியிருப்பது முழுவதும் சாக வேண்டும், உள்ளே இருப்பது ஒன்றும் சாகக் கூடாது. மருந்து குறைந்தால் மண் பாக்டீரியா தங்கும், கூடினால் தட்டு வெறுமையாகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை ஒவ்வொரு பயிருக்கும், ஒவ்வொரு வேர்த் தடிமனுக்கும் நீங்களே கண்டறிய வேண்டும். மற்றொருவர் ஆய்வேட்டிலிருந்து 'ஐந்து நிமிடம்' என்று அப்படியே எடுத்தால் நெல் வேருக்கான நேரம் வாழை வேருக்கு வந்து சேரும்.

நான் பின்பற்றும் வரிசை இது.

ஓடும் குழாய் நீரில் பத்து நிமிடம் கழுவி, மென்மையான தூரிகையால் மண்ணை நீக்குங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மண் துகளுக்குள் ஒளிந்த பாக்டீரியாவை ஹைப்போகுளோரைட் தொடாது. கரிமப் பொருள் பட்டால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும்.

பிறகு 6 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, இரு முனைகளையும் உருக்கிய பாரஃபின் மெழுகில் தொட்டு மூடுங்கள். பெரும்பாலோர் விடும் படி இதுவே. வாழை வேரின் நடுவே நீர்க்குழாய்கள் திறந்திருக்கும். வெட்டுவாய் வழியே மருந்து உறிஞ்சப்பட்டு, நாம் தேடிவந்த பாக்டீரியாவையே கொன்றுவிடும். மெழுகு மிதமான சூட்டில் உருகினால் போதும். புகையும் அளவுக்குக் காய்ந்தால் முனை வெந்துவிடும்.

70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடம். எத்தனால் வேரின் மேற்பரப்பை நனைத்து அடுத்த மருந்து ஒட்ட வழி செய்கிறது. 95 சதவீதம் என்றால் இன்னும் பலமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கொல்வதற்கு நீரும் வேண்டும், 70 சதவீதமே நன்றாகக் கொல்லும்.

அடுத்து 2 சதவீதக் குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட்டில், 100 மி.லி.க்கு இரண்டு சொட்டு ட்வீன் 20 சேர்த்து, மூன்று நிமிடம் தொடர்ந்து குலுக்குங்கள். வேர்த்தூவிகளுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழை ட்வீன் உடைக்கும். அது இல்லாவிட்டால் குமிழுக்கு அடியில் இருப்பவை தப்பிவிடும். பாட்டிலில் '4 சதவீதம்' என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். திறந்து வைத்த ஹைப்போகுளோரைட் நம் ஊர் வெயிலில் மாதக்கணக்கில் பலமிழக்கும். புதுப் பாட்டிலைத் திறந்த தேதியை எழுதி, இருட்டில் குளிராக வையுங்கள். நீர்த்த கரைசலை அன்றன்றே தயாரியுங்கள்.

பிறகு 2 சதவீதத் தயோசல்பேட்டில் ஐந்து நிமிடம் வைத்து எஞ்சிய குளோரினை முறியுங்கள். இதைச் செய்யாவிட்டால் அரைக்கும்போது குளோரின் உள்ளே கலந்து தொடர்ந்து கொல்லும். அத்துடன் கடைசிக் கழுவுநீரிலும் குளோரின் இருந்து, தூய்மைச் சோதனையில் பொய்யான வெற்றியைத் தரும்.

கடைசியாகக் கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுக் குடுவையில் அலசுங்கள். ஒரே குடுவையில் நீரை மாற்றிக்கொண்டிருந்தால் குடுவையின் சுவரில் ஒட்டியதே திரும்பி வரும். ஐந்தாம் நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

5. தூய்மை ஆயிற்றா? இரண்டு சோதனைகள்

ஐந்தாம் கழுவுநீரில் 0.1 மி.லி. எடுத்து நியூட்ரியன்ட் அகாரில் பரப்புங்கள். இது பலரும் செய்வதுதான். ஆனால் வேரில் இறுக ஒட்டியிருக்கும் பாக்டீரியா நீரில் கரைந்து வராது. ஆகவே கழுவிய வேர்த் துண்டையே இன்னொரு தட்டின் மேல் இருமுறை உருட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு தட்டுகளையும் 28 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் வையுங்கள்.

ஏதாவது ஒன்றில் காலனி வந்தால், அந்தத் தொகுதியிலிருந்து கிடைத்த எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். 'ஒரே ஒரு காலனிதானே' என்று கண்ணை மூடிக்கொள்வதுதான் நான் முன்பு சொன்ன ஆறு மாதத்தின் தொடக்கம். என் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது: உருட்டுத் தட்டில் மூன்று காலனி, பக்கத்தில் என் கையெழுத்தில் 'புறக்கணிக்கலாம்'. பின்னால் சிறந்ததென்று நான் தேர்ந்த பாக்டீரியா அந்த மூன்றில் ஒன்றின் அச்சு அசல்.

நேரடியாக வேரிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் ஆய்வானால் இந்தச் சோதனை போதாது. எத்தனால் பாக்டீரியாவைக் கொன்றாலும் அதன் டி.என்.ஏ. வேர்மேல் அப்படியே தங்கிவிடும்.

6. அரைப்பதும் தட்டில் இடுவதும்

மெழுகிட்ட முனைகளைச் சுட்ட கத்தியால் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். மீதியில் ஒரு கிராம் எடுத்து, 9 மி.லி. உப்பு நீரில் கிருமி நீக்கிய கல்வத்தில் அரையுங்கள். வாழைத் திசு உடனே பழுப்பாகும். அப்படிப் பழுப்பாகும் பீனால் என்ற வேதிப்பொருட்கள் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் கல்வத்தைப் பனிக்கட்டியில் வைத்து விரைவாக அரைத்து, தாமதமின்றி நீர்த்துவிடுங்கள்.

அரைத்தபோது நீர்த்த பத்து மடங்கையும் சேர்த்து ஆயிரம், பத்தாயிரம், லட்சம் மடங்கு நீர்த்தவற்றிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் 0.1 மி.லி. இடுங்கள். கணக்கில் சறுக்குவது இங்கே. ஆயிரம் மடங்குத் தட்டில் 45 காலனி என்றால், 0.1 மி.லி. இட்டதற்காகப் பத்தால் பெருக்கி, பிறகு ஆயிரத்தால் பெருக்க வேண்டும். ஒரு கிராம் வேருக்கு 4,50,000. அந்தப் பத்தை மறந்து ஆய்வேட்டில் அச்சேறிய எண்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாளே எண்ணி முடித்துத் தட்டைக் கழுவிவிடாதீர்கள். ஏழாம் நாளில்தான் முளைக்கும் சிறு காலனிகள் உண்டு.

7. தேர்ந்தெடுத்தல்

நிறம், விளிம்பு, மேடு, பளபளப்பு எல்லாம் பார்த்து வேறுவேறாகத் தெரிபவற்றில் 30 போதும். 200 காலனிகளை எடுத்துவிட்டுப் பின்னால் ஒன்றையும் ஒழுங்காகச் சோதிக்க முடியாமல் நிற்பதைவிட இது மேல். ஒவ்வொன்றையும் மூன்று முறை கீறித் தனிமைப்படுத்துங்கள். ஒரே காலனி போலத் தெரிவது பல நேரம் இரண்டின் கலவை.

தூய்மையான அன்றே 25 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். குளிர்பெட்டியில் சாய்வு அகாரில் வைத்து மாதாமாதம் மாற்றி வளர்த்தால், எதிர்ப்புத் திறனைச் சில பாக்டீரியாக்கள் மெல்ல இழக்கும்.

8. ஆபத்தானவற்றை முதலில் கழியுங்கள்

எல்லோரும் பூஞ்சைச் சோதனைக்குத் தாவுவார்கள். நான் இதை முன்னால் வைக்கிறேன். பூஞ்சையைப் பலமாக எதிர்ப்பவற்றில் மனிதருக்கு நோய் தரக்கூடியவையும் இருக்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா, பர்கோல்டேரியா செபாசியா குழு, செராஷியா மார்செசன்ஸ், பேசில்லஸ் சீரியஸ் எல்லாம் பயிர்களுக்குள் கிடைப்பவைதான். பூஞ்சை நெருங்காமல் விட்ட அழகான தெளிவு வளையத்தைப் பார்த்த பிறகு அதைக் கைவிட யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆகவே பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு வரிசையை இப்போதே எடுத்துவிடுங்கள். பேரினத்தை அது சொல்லும். பேசில்லஸ் இனங்களைப் பிரிக்க அது போதாது, கைரேஸ் பி மரபணுவையும் பார்க்க வேண்டும். இரத்த அகாரில் வளையம் வந்தால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம். நல்ல பேசில்லஸ்கள் சுரக்கும் சர்ஃபாக்டின் என்ற லிப்போபெப்டைடும் (கொழுப்பு இணைந்த சிறு பெப்டைடு) இரத்தச் செல்களை உடைக்கும்.

பயிருக்குத் தீங்கு உண்டா என்று அறிய, மி.லி.க்கு 10 கோடி செல்கள் உள்ள கரைசலைப் புகையிலை இலையின் அடிப்புறத்தில் ஊசியில்லாச் சிரிஞ்சால் ஏற்றுங்கள். 24 மணி நேரத்தில் அந்த இடம் கருகினால் அது பயிர் நோய்க் கிருமியாக இருக்கலாம், விட்டுவிடுங்கள்.

9. பூஞ்சைக்கு எதிரே நிறுத்துவது

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் பூஞ்சைக்குப் பிடித்த அமிலத் தன்மை கொண்டது. சில பாக்டீரியாக்கள் அதில் சுருண்டுவிடும். நியூட்ரியன்ட் அகாரைச் சரிபாதி கலந்தால் போட்டி நியாயமாக இருக்கும். ரஸ்தாளியில் நோய் உண்டாக்குகிறது என்று ஏற்கெனவே சோதித்த ஃபுசேரியத்தின் 5 மி.மீ. துண்டை ஒரு பக்கம் வைத்து, இரண்டு நாள் கழித்து எதிர்ப்பக்கம் பாக்டீரியாவைக் கீறுங்கள். முதலிலேயே இரண்டையும் வைத்தால் வேகமாகப் படரும் பாக்டீரியா இடத்தைப் பிடித்தே ஜெயிக்கும், அது எதிர்ப்பாகாது.

பாக்டீரியா இல்லாத தட்டில் பூஞ்சை 40 மி.மீ., உள்ள தட்டில் அதன் பக்கமாக 18 மி.மீ. என்றால் தடை 55 சதவீதம். ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டுகள், குறைந்தது இரண்டு தடவை.

இந்த எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். தட்டில் கிடைக்கும் சர்க்கரை மண்ணில் கிடைக்காது, ஆன்டிபயாட்டிக் சுரக்க அந்தச் சத்து வேண்டும். மாறாக, தட்டில் எந்த வளையமும் காட்டாத சில பாக்டீரியாக்கள் செடியின் சொந்த எதிர்ப்பைத் தூண்டிக் காப்பாற்றும். அதனால் முதல் ஐந்தோடு, வளையம் இல்லாத இரண்டையும் தொட்டிச் சோதனைக்குக் கொண்டுபோங்கள்.

10. திரும்ப உள்ளே போகிறதா?

வேருக்குள்ளிருந்து எடுத்தது திரும்பவும் உள்ளே நுழைந்து வாழ்ந்தால்தான் அதை உள்வாழ் பாக்டீரியா என்று சொல்ல முடியும். ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த அகாரில் அடர்ந்த வளர்ப்பைப் பரப்பினால், தானாக மரபணு மாறிய சில காலனிகள் தப்பும். அவற்றில் தாய் போலவே வேகமாக வளர்வதையும் பூஞ்சையைத் தடுப்பதையும் அடையாளக் காலனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

திசு வளர்ப்பு ரஸ்தாளிக் கன்றின் வேரை, மி.லி.க்கு 10 கோடி செல்கள் உள்ள கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுங்கள். கிளைவேர் முளைக்கும் வெடிப்புகளும் வேர் நுனியுமே பாக்டீரியா நுழையும் வாசல்கள், ஆகவே புது வேர் விட்டுக்கொண்டிருக்கும் கன்றே ஏற்றது. 7, 15, 30 நாட்களில் வேரை எடுத்து, நான்காம் படி முழுவதையும் மறுபடி செய்து, ரிஃபாம்பிசின் தட்டில் எண்ணுங்கள். நனைக்காத கன்றையும் அதே தட்டில் பாருங்கள். திசு வளர்ப்புக் கன்று வெறுமையானது என்ற நம்பிக்கை தவறு, அதற்குள்ளும் பாக்டீரியா உண்டு.

11. தொட்டிச் சோதனை

ஐந்து பிரிவுகள் வேண்டும்: எதுவும் இல்லாதது, பூஞ்சை மட்டும், பாக்டீரியா மட்டும், இரண்டும், பூஞ்சையுடன் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. 'பாக்டீரியா மட்டும்' பிரிவைத்தான் இடமில்லை என்று முதலில் வெட்டுவார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் பாக்டீரியா கன்றைக் குட்டையாக்குகிறதா என்பது தெரியாமலே போகும்.

பாக்டீரியா கொடுத்துப் பத்து நாள் கழித்தே பூஞ்சை. உள்ளே குடியேறவும் செடி விழித்துக்கொள்ளவும் அந்த அவகாசம் தேவை. மணலும் மக்காச்சோள மாவும் 19க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து, ஈரமாக்கி, இரண்டு நாட்கள் தொடர்ந்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கல்) செய்து அதில் பூஞ்சையை வளர்க்கலாம். முதல் நாள் தப்பிய வித்துகள் முளைத்து, இரண்டாம் நாள் சாகும். ஒரு கிராம் கலவையில் எத்தனை வித்துகள் என்று எண்ணிய பிறகே தொட்டியில் இடுங்கள். அளவு மிஞ்சினால் எந்தப் பாக்டீரியாவும் தாங்காது, குறைந்தால் எல்லாமே காப்பாற்றியது போலத் தெரியும். 'பூஞ்சை மட்டும்' பிரிவில் பெரும்பாலான கன்றுகள் நோயுறும் அளவை முன்னோட்டமாகச் செய்து கண்டுபிடியுங்கள்.

முதல் சுற்றைக் கிருமி நீக்கிய மண்ணில் செய்யலாம். இரண்டாம் சுற்று கட்டாயம் தோட்டத்து மண்ணில். போட்டியே இல்லாத மண்ணில் ஏறக்குறைய எல்லாப் பாக்டீரியாவும் வெற்றி பெறும். தொட்டிகளை வரிசையாக அடுக்காமல் குலுக்கி வையுங்கள். நீரை உயரத்திலிருந்து ஊற்றாதீர்கள், தெறிக்கும் துளியில் பூஞ்சை பக்கத்துத் தொட்டிக்குப் போகும்.

எட்டாம் வாரம் இலையைப் பார்த்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். நீர்க்குறைவிலும் சாம்பல்சத்துக் குறைவிலும் அடி இலை மஞ்சளாகும். கிழங்கைக் குறுக்கே அறுத்து, பழுப்பேறிய பரப்பை அளவிடுங்கள். எந்தப் பிரிவின் கன்று என்று தெரியாத ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள். மூன்று மாதம் நீர் ஊற்றி வளர்த்தவர் கண்ணுக்குத் தன் பாக்டீரியாவின் கன்று எப்போதும் கொஞ்சம் வெள்ளையாகவே தெரியும்.

அறுத்த கிழங்குகளையும் தொட்டி மண்ணையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே கொட்டுங்கள். கல்லூரி வாழைத் தோட்டம் பெரும்பாலும் ஆய்வகத்தின் பின்புறத்தில்தான் இருக்கிறது.